ஒரே பானைப் பொங்கல்

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் அடி அண்ணாமலைக் காக்கைகள் நடந்தே போயின. பறந்தால் இறக்கை பொசுங்கிவிடும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நான் முப்பத்தொரு வருஷம் இந்த வட்டாரத்தில் தபால் கொடுத்தவன். சைக்கிள் மிதித்தே பூமியை மூன்று சுற்று வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு எதையும் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொல்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நடந்தது கம்மியாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வெயிலில்தான் வேணு வந்து இறங்கினார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பட்டணத்துக்காரர். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபது. தலையில் துணித் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு நகல் காகிதம். நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டக் கூலிக்கு மெட்ராஸில் கப்பலேறியவர்களின் பட்டியலிலிருந்து எடுத்த ஒரு வரி: மொட்டையன், தகப்பன் குப்பன், வயது பத்தொன்பது, இடது முழங்காலில் தழும்பு, ஊர் அடி அண்ணாமலை.

அந்த மொட்டையனின் பேரன் வேணு. மொட்டையனின் கடைசி மகன் சின்னசாமி, அதாவது வேணுவின் அப்பா, தொண்ணூறு வயதில் டர்பனில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு, “ஊருக்குப் போ, நம்ம ஆளு யாராவது இருக்காங்களா பாத்துட்டு வா” என்று மகனை அனுப்பியிருந்தார்.

குப்பன் என்று ஒரு தாத்தா இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. என் வீட்டிலேயே இரண்டு குப்பன்கள். ஆனாலும் மூன்று நாளாக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பங்காளி என்று ஒத்துக்கொண்டால், சமுத்திரம் தாண்டி வந்தவன் முதல் காரியமாகக் கொல்லை நிலத்தில் பங்கு கேட்பான் என்று பயம். ஒரு வீட்டில் வேணுவைப் பார்த்ததும் கிணற்றையே மூடி வைத்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று நான் அவரோடு கூடவே அலைந்தேன். இங்கிலீஷில் எனக்கு விலாசம் எல்லாம் தெரியும். விலாசம் தவிர மற்றது கொஞ்சம் தெரியும்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் காசியின் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றேகால் ஏக்கர். கிணற்றுத் தண்ணீரில் போட்ட மல்லாட்டை, மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. காசியும், அவன் பெண்டாட்டி ஆராயியும், மகள் எழிலரசியும் செடி பிடுங்கிக் குவித்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எழிலரசிக்கு அப்போது இருபத்தாறு வயது. நல்ல உயரம். பாதிப் பனைமரம் என்று நான் சொல்வேன். அவள் அம்மா அடிக்க வருவாள். பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு வீட்டார், அவள் காப்பியோடு வந்து நின்றதுமே, மாப்பிள்ளையை அவள் பக்கத்தில் நிற்க விடாமல் அவசரமாகக் கூட்டிப் போய்விட்டார்கள்.

ஆராயி வேணுவுக்கு ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும், உப்பு மிளகாயும் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்ததும் நிறுத்திவிட்டார்.

“ஆடி மாசம். அம்மனுக்கு. எங்க வீட்ல இதுதான்,” என்றார். அவர் தமிழ், பழைய வாய்க்காலில் தண்ணீர் வருவது மாதிரி நின்று நின்று வரும். “அப்பா கேக்கும். யாரு இருக்கான்னு கேக்கும். நான் என்னா சொல்றது? யாரும் இல்லேன்னு சொல்றதா?”

அறுபது வயசு மனிதர், சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கூழில் உப்புக் கரித்திருக்கும்.

ஆராயி புருஷனைச் செடிக் குவியலுக்கு அந்தப் பக்கம் இழுத்தாள். எனக்குக் காது கேட்காது என்று அவளாக முடிவு செய்துகொண்டாள்.

“ஆமான்னு சொல்லித் தொலையேன்யா.”

“பொய்யாச்சேமே?”

“ஒரு மனுசன் நம்ம கொல்லையில வந்து குந்திகினு அழுவுறாரு. இல்லன்னு சொல்லி அனுப்பினா அங்க கெழவன் அதக் கேட்டே செத்துப் போவான். ஆமான்னு ஒரு வார்த்த. நம்பளுக்கு இன்னா கொறஞ்சிடப்போவுது?”

“பங்கு கேட்டா?”

“இன்னாத்துல பங்கு கேப்பாரு? மாசா மாசம் வர்ற உன் காச்சல்லயா?”

காசி வந்து வேணுவுக்கு எதிரில் குந்தினான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். “எங்க நைனாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம்,” என்றான். “கப்பலேறிட்டாருன்னு சொல்லுவாங்க. முட்டில ஒரு தழும்பு. அறுப்புல அரிவா பட்டது.”

பட்டியலில் அரிவாள் இல்லை. காசியே சேர்த்தது. இத்தனை வருஷம் இந்த ஆளை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன்.

வேணு சொம்பை வைத்துவிட்டு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் விடவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பச்சையம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எங்கள் பக்கம் குலதெய்வத்துக்குப் பங்காளிகள் மட்டும்தான் ஒரே பானையில் அரிசி போடலாம். மாமன், மச்சான், சம்பந்தி எல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம். பூசாரி வேணுவைக் கூப்பிட்டு, “மொட்டையன் வழி” என்று சத்தமாகச் சொல்லி அரிசி போட வைத்தார். அன்றைக்கு அங்கே எழுநூறு பேர் இருந்தார்கள். சரி, எழுபது. அத்தனை பேரும் பார்த்தார்கள். வேணு காசியின் கொல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு காசிதான் ஊரில் ராஜா. டர்பனில் ‘அடி அண்ணாமலை உறவுச் சங்கம்’ என்று ஒன்று தொடங்கினார்கள். மாதம் தவறாமல் கடிதம் வரும். நான் படித்துச் சொல்வேன். காசி சொல்வதை எழுதி அனுப்புவேன். அவன் “எல்லாரும் சௌக்கியம்” என்றால் நான் ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திரன் வைத்திருந்த டெலிபோன் பூத்தின் நம்பரையும் எழுதினேன்.

வேங்கிக்காலிலிருந்து ஆதிமூலம் பெண் கேட்டு வந்தார். அவருடைய இரண்டாவது பையன் அங்கே ஓர் ஆபீசில் கிளார்க். “வெளிநாட்டுல பங்காளி இருக்கற குடும்பம்,” என்று ஆதிமூலம் நான்கு இடத்தில் பெருமையாகச் சொன்னார். பையன் எழிலரசியின் தோள் வரைதான் வருவான். நல்ல பிள்ளை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூற்றேழு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஆராயி அந்த வருஷம் முழுக்க நடக்கவில்லை, மிதந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், நான் ராஜேந்திரன் பூத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ராஜேந்திரன் ஓடிவந்து, “தபால்காரரே, டர்பன்லேருந்து போனு. கெழவரு சின்னசாமி நேத்து தவறிட்டாராம். காசிக்குச் சொல்லச் சொன்னாங்க,” என்றான்.

டீயைப் பாதியில் வைத்தேன். கிரிவலப் பாதையில் என் சைக்கிள் அன்றைக்குப் போன வேகத்தில் சாமியார்கள் மூன்று பேர் பாதையைவிட்டே இறங்கி நின்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குத் துக்கமே இல்லை. கடல் தாண்டி வந்த செய்தி, அதை ஊருக்குள் முதலில் கொண்டுபோவது நான் என்பதுதான் மனசில் இருந்தது. அன்று காலை அந்தச் சைக்கிளின் சங்கிலியை யாராவது அறுத்துவிட்டிருக்கலாம்.

காசி வீட்டு வாசலில் பந்தக்கால் நட எல்லாம் தயாராக இருந்தது. ஆதிமூலமும் அவர் சொந்தக்காரர்கள் நான்கு பேரும் வந்திருந்தார்கள். மூங்கில் கழியின் நுனியில் மாவிலை கட்டியிருந்தது. ஆராயி குழியில் பாலும் நவதானியமும் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் மஞ்சளோடு எழிலரசி கதவோரம் நின்றாள்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. பந்தக்கால் நட்டுவிட்ட பிறகு எவர் செத்தாலும் தீட்டு ஒட்டாது, கல்யாணம் நிற்காது. நடுவதற்கு முன்னால் காதில் விழுந்தால் நின்றது நின்றதுதான். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சைக்கிளில் வந்த அந்த நான்கு மைலும் அது என் புத்தியில் இல்லை. கழியின் அடி மண்ணைத் தொட ஒரு சாண் இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

“காசி, டர்பன்லேருந்து போனுய்யா,” என்றேன். எல்லோரும் சிரித்த முகமாகத் திரும்பினார்கள். “பெரியவரு சின்னசாமி நேத்து தவறிட்டாராம்.”

கழி அப்படியே நின்றது.

ஆதிமூலம் மெதுவாகக் கேட்டார். “யாரு?”

“டர்பன் பங்காளிதாங்க. காசிக்குப் பெரியப்பா மொற,” என்று நானே விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஆராயியின் முகத்தைப் பார்த்தேன்.

காசி கழியைக் கீழே போட்டுவிட்டு ஆதிமூலத்தின் முன்னால் வந்தான். “சம்மந்தி, அவரு எங்க பங்காளி இல்லீங்க.”

“இன்னா சொல்ற நீ?”

“பாவம்னு ஆமான்னு சொன்னேங்க. அவ்ளோதான். அந்த மொட்டையன் யாருன்னே எங்களுக்குத் தெரியாது.”

“முட்டில தழும்புன்னு சொன்னியாமே.”

“அவரு காயிதத்துல இருந்துச்சிங்க.”

“அரிவா பட்டதுன்னு?”

காசி குனிந்து, கீழே கிடந்த கழியைப் பார்த்தான்.

“ஒரே பானையில அரிசி போட்டீங்க. நான் அங்கதான் நின்னேன்,” என்றார் ஆதிமூலம். அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். “பொண்ணு கல்யாணத்துக்கோசரம் செத்தவர பங்காளியே இல்லன்றியே காசி. கெழவரு இன்னும் காட்டுக்குக்கூடப் போயிருக்க மாட்டாரு.”

“பச்சையம்மா முன்னால சூடம் அடிச்சிச் சத்தியம் பண்றேங்க.”

தாம்பூலத் தட்டுக்காக வந்திருந்த பூசாரி தலையை ஆட்டினார். “அன்னைக்கி அம்மா முன்னால ஆமான்னு அரிசி போட்ட. இன்னைக்கி அதே அம்மா முன்னால இல்லன்னு சூடம் அடிப்பியா? அந்தத் தட்ட நான் புடிக்க மாட்டேம்பா.”

“ஆராயி, நீயாவது சொல்லும்மா,” என்று நான் இழுத்தேன்.

“நாந்தாங்க சொல்லச் சொன்னேன்,” என்று அவள் ஆதிமூலத்திடம் போனாள். “அழுதாருங்க. பாக்க முடியல. அதுக்குத்தாங்க. கால்ல வேணாலும் வுழறேன்.”

“வுழாதம்மா,” என்று அவர் பின்வாங்கினார். “எம் பெரிய மருமவ வந்த மூணாம் மாசம் எம் பொண்டாட்டி போயிட்டா. அவங்க வூட்டுல ஒரு தீட்ட மறச்சித்தான் கட்டினாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சிது. இன்னொரு தபா என்னால ஆவாதும்மா. எனக்கு இருக்கறதே ரெண்டு பசங்க.”

காசி மறுபடியும் தொடங்கினான். அவன் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். எழிலரசி கதவோரத்திலிருந்து வந்து அப்பன் தோளைத் தொட்டாள்.

“போதும் நைனா. நீ பேசப் பேச நீதான் சின்னதாப் போயிகினே இருக்க.”

நம்பாத ஊர் என்ன செய்யும், தீட்டுக் காக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் காசியும் ஆராயியும் யாரென்றே தெரியாத ஒரு கிழவருக்காகத் தலை முழுகினார்கள். பதினாறு நாள் எண்ணெய் தேய்க்கவில்லை, தாளிக்கவில்லை, கோயில் பக்கம் போகவில்லை. பதினாறாம் நாள் காசி மொட்டையடித்துக் காரியமும் செய்தான். தீட்டுக் கழிவதற்குள் ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. புரட்டாசியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? ஐப்பசியில் ஆதிமூலத்தின் பையனுக்குப் போளூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். எழிலரசிக்கு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பந்தக்கால் வரைக்கும் போய் நின்ற பெண் என்றார்கள்.

டர்பனுக்கு நான் எழுத வேண்டியிருந்தது. காசி, “கல்யாணம் நின்னுபோச்சின்னு மட்டும் எழுதுங்க,” என்றான். என்னால் அப்படி எழுத முடியுமா? மணப்பெண்ணே முன்னால் வந்து, பந்தக்கால் கழியை இரண்டு கையாலும் தடுத்து, ‘என் பெரிய தாத்தா அங்கே மாலையோடு கிடக்கும்போது எனக்கு இங்கே மாலையா?’ என்று கேட்டதாக எழுதினேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் அது.

தொண்ணூற்றொன்பது மார்கழியில் டர்பன்காரர்கள் இருபத்திரண்டு பேர் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். என் கடிதத்தைச் சங்கத்துப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்தத் தியாகப் பெண்ணைப் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்று வந்த கூட்டம்.

மழை பிந்திய வருஷம். அறுவடையும் பிந்தி, காசியின் கொல்லையில் மல்லாட்டை அப்போதுதான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் பனி மூடி மலையே இருக்காது. பத்து மணிக்கு யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி மறுபடி தெரியும். வந்தவர்களில் ராஜா என்று ஒருத்தர், வேணுவின் தம்பி மகன். எலக்ட்ரிசியன், முப்பத்துநான்கு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். பஸ்ஸிலிருந்து தவணை முறையில் இறங்கினார். மற்றவர்கள் கோயில் பார்க்கப் போனபோது அவர் மட்டும் கொல்லையில் வந்து குந்திக்கொண்டு, தானும் காய் ஆய்கிறேன் என்றார். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், சுத்தமாக வரும்.

“எப்படிப் பறிப்பது?”

“கொத்தா புடிச்சி முறுக்குங்க,” என்றாள் எழிலரசி. “தல முடியப் புடிக்கற மாதிரி.”

“யார் தலை?”

“யார் மேல கோவமோ அவங்க தல.”

“எனக்கு யார் மேலும் கோபம் இல்லையே.”

“அப்ப நீங்க கூலிக்கு ஆவ மாட்டீங்க.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பெண் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் எழுந்து செடி எடுக்கப் போனால் அவரும் எழுந்தார். அவள் வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். ஆராயி துவையல் அரைத்து, களி கிண்டிக் கொண்டுவந்தாள். அவர் மூன்று உருண்டை சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். அன்றைக்கு அவர் ஆய்ந்த காயில் பாதிக்கு மண் போகவில்லை. அவள் வாங்கி மறுபடி உதறினாள், ஒன்றும் சொல்லாமல்.

வேணு வரப்பில் நின்று பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். “பாருங்க. அண்ணன், தங்கச்சி. ரத்தம் தானா சேரும்.”

அன்று சாயங்காலம் ராஜா என்னைத் தனியாகப் பிடித்தார். “தபால் ஐயா, நாங்கள் பிரிந்து நான்கு தலைமுறை ஆகிறது. அவ்வளவு தூரம் போன பிறகு…” என்று நிறுத்தி, தரையைப் பார்த்தார். “இன்னும் அது அண்ணன் தங்கை முறைதானா?”

“பங்காளின்னா நூறு தலைமுறை ஆனாலும் அண்ணன் தங்கச்சிதாங்க,” என்றேன்.

வாழ்நாளில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். அதற்குப் பக்கத்திலேயே, நீங்கள் பங்காளியே இல்லை என்று இன்னொரு பதில் இருந்தது. என் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் பாராட்டு விழா மேடையில் படிக்கப் போகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விழா அன்று காலை, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஆராயி புருஷனை மடக்கினாள். “இப்பவாவது சொல்லுய்யா. அவங்க பங்காளி இல்ல, கட்டிக் குடுக்கற மொறதான்னு. நீயே பாத்த இல்ல, பொண்ணு மூஞ்சிய?”

“பாத்தேன்.”

“அப்ப?”

“அன்னைக்கும் கல்யாணத்துக்கோசரம்தான் சொன்னேன். எவன் நம்பினான்?”

“வேணு நம்புவாருப்பா,” என்றேன் நான்.

காசி என்னைப் பார்த்தான். “நம்பினா? கெழவரு செத்தப்ப நம்ம கொல்ல மண்ண நெஞ்சில வச்சி எரிச்சாங்களாம். நேத்துதான் சொன்னாரு. அது யாரு மண்ணுன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன் தபால்காரரே?”

ஆனாலும் மேடையில் மைக்கைக் கொடுத்தபோது அவன் முயன்று பார்த்தான். “நான் ஒண்ணு சொல்லணும்,” என்றான். “அந்த முட்டித் தழும்பு…” துண்டால் முகத்தைத் துடைத்தான். “அந்தத் தழும்பு…” வேணு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. நான் பார்த்த கை தட்டல்களில் அதுதான் பெரியது. இதில் நான் எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் எழிலரசிக்கு மாலை போட்டார்கள். என் கடிதத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆய வேண்டிய செடி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று குவியலைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

“அடுத்ததாக, அண்ணன் சீர்,” என்றார் வேணு.

ராஜா தட்டோடு வந்தார். அரக்குப் பட்டுப் புடவை, மஞ்சள், குங்குமம், பூ. தட்டைப் பிடித்த விரல் நகங்களில் கொல்லை மண் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள், கண்ணுக்குக் கண் சமமாக. கீழே ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எழிலரசி தட்டை வாங்கினாள்.

“நல்லா இருங்கண்ணா,” என்றாள்.

மறுநாள் பஸ் போய்விட்டது. அதற்கடுத்த நாள் டர்பனுக்கு என்ன எழுதுவது என்று கேட்க நான் கொல்லைக்குப் போனேன். காசி காய்ச்சலென்று படுத்திருந்தான். எழிலரசி தனியாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கொத்தைப் பிடித்து, முறுக்கி, உதறி, கூடையில் போட்டாள். நான் கேட்டதற்கு நிமிரவில்லை.

“மல்லாட்ட ஆஞ்சி முடிஞ்சிதுன்னு எழுதுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க.”

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினேன். இரண்டாவது வரிக்குப் பேனாவைக் கொண்டுபோய் வைத்தேன். எழுத ஒன்றும் வரவில்லை. மடித்து ஒட்டிவிட்டேன். அதுவும் சுத்தமான உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கொல்லையிலிருந்து கிளம்பும்போது அவளுக்கு முன்னால் ஆயாத செடிக் குவியல் அவள் உயரத்துக்கு இருந்தது.